ஜன்னல் தெரிகிற குழி

கைதான் காட்டியது, வாய் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து கருத்தரங்கக் கூடத்தின் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து ஜெசிந்தா தனக்குத்தானே இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஏதோ கையும் வாயும் வேறு வேறு ஆட்களுக்குச் சொந்தம் என்பதுபோல. கை கழுவுகிற குழாயடியில் வைத்து அந்தப் பெண் கேட்டாள். பெங்களூரில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருக்கிற பெண், மதுவந்தி என்று பேர், முதுகில் பெரிய பை, காலில் மலையேறுகிற ஷூ. "மேடம், நயினார் சார் ஆராய்ச்சி பண்ணின அந்தக் குழி பாறையில எந்தப் பக்கம்? உடைச்ச பாதியா, உடைக்காத பாதியா?" என்றாள். ஜெசிந்தாவின் வலது கை, ரசத்தின் ஈரம் காயாமல், கிழக்கே நீண்டது. உடைத்த பாதியைப் பார்த்து. நடுங்காமல், தயங்காமல், கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்புகிற அதே தோரணையில் நீண்டது. அந்தப் பெண் கிழக்கே பார்த்தாள். அங்கே மண்ணள்ளுகிற இயந்திரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது, கல்லூரியின் புதிய ஆய்வு மையத்துக்காகப் பாறையை உடைத்து அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். "அப்போ போச்சு" என்றாள் மெதுவாக. "மிச்சப் பாதியையாவது உடைக்காதீங்கன்னு பிரின்சிபால்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன் மேடம். இனி கேக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல." கோபப்படவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை, கையை உதறிவிட்டுப் போய்விட்டாள். ஜெசிந்தாவுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்தப் பாறையில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷமாக வகுப்பில் யார் யாரையோ எழுப்பி நிறுத்தி, தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு, அதிலே என்ன வெட்கம் என்று கேட்ட வாய்தானே இது. ஏன் கிழக்கே என்று யோசித்தால் இன்னும் கேவலமாக இருந்தது. உடைந்துபோன இடத்தில் போய் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. இதை அவள் யோசிக்கவில்லை, அவளுக்கு முன்னாலேயே கை யோசித்துவிட்டது. இப்போது அந்தக் கையை முந்தானைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் துணி பேனர். 'நம் கல்லூரி ஆய்வுகளின் வீச்சு' என்று போட்டிருந்தது. திருநெல்வேலிக்குத் தெற்கே, பஸ் நிற்குமோ நிற்காதோ என்று இருக்கிற ஒரு சின்னக் கலைக் கல்லூரிக்கு வீச்சு என்பது பெரிய சொல்தான், ஆனால் பிரின்சிபால் ஞானசிகாமணிக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது, காலையிலிருந்து அதை எல்லா வாக்கியத்திலும் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். துறைக்கு ஒருவர் மேடை ஏறித் தன் ஆய்வைச் சொல்லவேண்டும். இப்போது வணிகவியல் பேச்சியம்மாள் பீடி சுற்றுகிற பெண்களின் சேமிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல ஆய்வு. வீடு வீடாகப் போய், முறத்தை மடியில் வைத்திருக்கிறவர்களோடு தரையில் உட்கார்ந்து கேட்டு எழுதியது. ஜெசிந்தாவுக்கு அதன் ஒவ்வொரு வரியும் தெரியும், ஏனென்றால் அதற்கு இங்கிலீஷ் பார்த்தது அவள்தான். இங்கிலீஷ் பார்ப்பது என்பது இந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். யார் என்ன கட்டுரை எழுதினாலும் அனுப்புவதற்கு முன்னால் ஆங்கிலத் துறைக்கு, அதாவது ஜெசிந்தாவின் மேஜைக்கு, வந்துவிடும். சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பாள். பதிலுக்கு ஒரு நன்றி போதாது என்று எப்போதோ யாரோ முடிவு செய்து, அவள் பெயரை இரண்டாவது ஆசிரியராகப் போட்டார்கள். மறுத்துப் பார்த்தாள். மறுத்தால் மனசு கஷ்டப்படுவார்கள் போலிருந்தது. பிறகு மறுக்கவில்லை. பிறகு, பேர் போடவில்லை என்றால் இவளுக்கு மனசு கஷ்டப்பட்டது. இப்படியாக பீடி, மெல்லிய உலோகப் படலம், வரைபடக் கணிதம், கொசுப்புழு, கிராமத் தெய்வங்களின் வில்லுப்பாட்டு, எல்லாவற்றிலும் ஆராய்ச்சி செய்தவள் ஆகிவிட்டாள். அதற்குத்தான் இன்று கடைசி நிகழ்ச்சியாக அவளுக்குப் பொன்னாடை. "ஜெசிந்தா மேடம் கை வைக்காத துறையே நம்ம காலேஜ்ல கிடையாது" என்று பிரின்சிபால் காலையில் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டு தட்டினாள். கை வைத்தது உண்மைதான். கை மட்டும்தான் வைத்தாள்.

நயினார் சார் மட்டும் இப்போது வந்து நின்றால் என்று நினைத்தாள், உடனே வரவேண்டாம் என்று நினைத்தாள். ஆறுமுகநயினார், விலங்கியல். தோளில் எப்போதும் ஒரு ஜோல்னாப் பை, அதற்குள் ஊறுகாய் பாட்டில்கள், பாட்டில்களுக்குள் காய்ந்த மண். ஹாஸ்டலுக்குப் பின்னால் கிடக்கிற அந்தப் பெரிய பாறை முழுக்கக் குழிகள் உண்டு, மழை பெய்தால் நிறையும், பனி விலகுவதற்குள் வற்றிவிடும். அவற்றில் ஒரே ஒரு குழித் தண்ணீரில் மட்டும் ஒரு இறால் வகை பிறக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். விரல்நகம் அளவு, கண்ணாடி மாதிரி, மல்லாந்தபடியே நீந்தும். தண்ணீர் வற்றுவதற்குள் முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டை அந்த மண்ணிலேயே வருஷக்கணக்கில் வெயிலில் கிடக்கும், பொடியாகப் பறந்தாலும் சாகாது, ஒருநாள் தண்ணீர் பட்டதும் பொரியும். இதெல்லாம் கட்டுரையைத் திருத்தும்போது தெரிந்துகொண்டது, அதுவும் அரைகுறையாக. அவர் சொன்னபோது அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "மழை விழுந்ததும் ஒருநாள் வாங்க மேடம், காட்டுதேன்." "கட்டாயம் வாரேன் சார்." அடுத்த மழைக்கும் கேட்டார். "உங்க பேரும் போட்டிருக்கு. ஒருதடவ வந்து மொகத்தப் பாத்துருங்க, அது உங்களத் தேடும்லா" என்று கேலியாகச் சொன்னார். தேர்வுப் பணி இருந்தது. அதற்கடுத்த வருஷம் முழங்கால் வலி. உண்மையில் முழங்கால் அவ்வளவு வலிக்கவில்லை. ஈரப் பாறையில் சேலையோடு ஏறி, ஒரு பூச்சியைக் குனிந்து பார்க்கிற தன்னை ஹாஸ்டல் பெண்கள் ஜன்னலிலிருந்து பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது. கூச்சப்படவேண்டியது எதற்கு என்பதில் அவளுக்கு வாழ்க்கை முழுக்கவே கணக்குத் தப்பிக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் இறங்கினாள். கணிதம் சுடலைமணி ஏறினார். புள்ளிகளும் கோடுகளுமாகத் திரையில் ஒரு வலை விரிந்தது. மதுவந்தி முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், பை காலடியில். பின்னல் கழுத்தில் ஒட்டியிருந்தது, அந்த வெயிலில் பாறையின் அடியைச் சுற்றி அலைந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. வந்ததும் நேராக விலங்கியல் ஆய்வகத்துக்குத்தான் போனாளாம். நயினாரின் பாட்டில்களைக் கேட்டிருக்கிறாள். அவர் இடத்துக்கு வந்த புது ஆள் கொசுப்புழு ஆராய்ச்சிக்காரன், இடமில்லை என்று மண்ணைக் கொட்டிவிட்டுப் பாட்டில்களைக் கழுவி வைத்திருந்தான். ஸ்பிரிட்டில் போட்ட நாலைந்து இறால்கள் இருந்தன, செத்தவை. அது போதாது, உயிர் உள்ள மண் வேண்டும், வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை என்று ஞானசிகாமணியிடம் சொல்லியிருக்கிறாள். அவர்தான், "கட்டுரையில இன்னொரு பேரு இருக்குல்லா, நம்ம ஜெசிந்தா மேடம், அவங்களுக்குத் தெரியாததா" என்று பெருமையாக அனுப்பிவைத்தார். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இறாலோடு என்ன வேலை என்று அந்தப் பெண் கேட்கவில்லை. பல்துறை ஆய்வு என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவள் பேசின விதமும் அப்படித்தான் இருந்தது, சக ஆராய்ச்சியாளரிடம் பேசுகிற மரியாதை, "உங்க பேப்பரை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது மேடம், இடம் மட்டும்தான் அதில இல்ல" என்றாள். இடம் மட்டும்தான் அதில் இல்லை. இடம் இருந்ததும்மா. நான்தான் அடித்தேன்.

ஒரு நீள வாக்கியம் அது. கட்டுரையின் முதல் பக்கத்தில், கீழே. பத்திரிகைக்காரர்கள் சுருக்கச் சொல்லியிருந்தார்கள், எதை வெட்டலாம் என்று பேனாவோடு தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. நயினார் சாரின் ஆங்கிலம் ஊரறிந்த ஆங்கிலம், ஒருமையும் பன்மையும் அவர் பாட்டில்களுக்குள் ஒன்றாகவே கிடக்கும். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: அந்தக் குழி, அதில் நின்று பார்க்கிற ஒருவனுக்கு பிரின்சிபால் பங்களாவின் குளியலறை ஜன்னல் தெரிகிற இடத்தில் இருக்கிறது, ஆனால். ஆனால்தான் ஞாபகம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. ஏனென்றால் அந்த 'ஆனால்' வருவதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு திருத்தியிருக்கலாம். அவள் என்ன செய்தாள், தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். நன்றாக வாசிப்பாள். நாடகம் நடத்துகிறவள் அல்லவா, எங்கே நிறுத்தவேண்டும் எங்கே இழுக்கவேண்டும் என்று தெரியும், குளியலறை என்ற இடத்தில் ஒரு மூச்சு விட்டு நிறுத்தினாள். ஆனால் என்று தொடங்கியபோது ஒருவருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. அன்றிலிருந்து நயினாருக்கு ஜன்னல் சார் என்று பேர். மாணவர்கள் வரைக்கும் போய்விட்டது. கரும்பலகையில் ஜன்னல் படம் போட்டுவைத்திருந்தார்களாம் ஒருநாள். அவர் அதை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே பாடம் எழுதினாராம். பேர் வைத்தது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

ஆனால் என்ன. ஜன்னல் தெரிகிற இடத்தில் இருக்கிறது, ஆனால் ஆழம் குறைவு. ஆனால் பாதை இல்லை. ஆனால் முள் அடைத்திருக்கிறது. எதைப் போட்டாலும் பொருந்தவில்லை, அவர் கைப்பட எழுதினதுபோல் இல்லை, அவள் எழுதினதுபோல் இருந்தது. சுடலைமணி ஒரு புள்ளிக்கு எண் போட்டு அடுத்த புள்ளிக்குப் போனார், எண் பொருந்தவில்லை என்றால் திரும்பவும் முதலிலிருந்து வரவேண்டும் என்றார். இதற்கும் அவள் இங்கிலீஷ் பார்த்திருக்கிறாள், இன்றுவரைக்கும் புரிந்ததில்லை, அதனால் என்ன, கமா மட்டும் வைத்துக் கொடுத்தாள். அந்தக் கட்டுரையில் எதைக் கெடுத்துவைத்தோமோ. பேச்சியம்மாளின் பீடிக்காரப் பெண்களில் யாருடைய சொல்லை நீளம் என்று வெட்டினோமோ. நினைக்க நினைக்க உடம்பு கூசியது. நயினார் சார் அன்று மாலை அவள் மேஜைக்கு வந்து, வெட்டின தாளைப் பார்த்தார். முகத்தில் வருத்தம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "எல்லாம் நல்லாயிருக்கு மேடம். இந்த எடத்த மட்டும் எடுத்துட்டீங்களே, பொறவு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" "சார், இது ஜர்னல். போஸ்ட்மேனுக்கு வழி சொல்றதில்ல. தெற்குத் தமிழ்நாட்டில் ஒரு பாறைக்குழி, அவ்வளவு போதும்." அவர் ஜோல்னாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார். இன்னும் ஏதோ சொல்லவேண்டியிருந்தது அவருக்கு. அப்போதுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், பிரியமாகத்தான் சொன்னாள், அதுதான் இப்போது தாங்கவில்லை. "யாரு சார் அதைத் தேடி வரப் போறா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான் மேடம். உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

வந்திருக்கிறாள் சார். முதல் வரிசையில், ஓரத்தில். ஷூவில் பாறைப் பொடி ஒட்டியிருக்கிறது. நானே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போன ஐப்பசியில் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழுந்திருக்கவில்லை, மழை பெய்துகொண்டிருந்ததாம், ஜோல்னாவில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருந்ததாம், அன்றைக்குப் பிடித்தது. கேதத்துக்குப் போனபோது அவர் மனைவி இவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாதும்மா. இங்கிலீஷ் மேடம் மட்டும் இல்லேன்னா என் பேப்பரு வெளிய வந்திருக்காதும்பாவ." ஜெசிந்தா அழுதாள். நிஜமாகவே அழுதாள். அந்த அழுகையைப் பார்த்து அந்த அம்மாள் இவளைத் தேற்றினாள். அவர் வீட்டில் ஜன்னல் கதை தெரியுமா என்று அப்போது ஒரு பயம் ஓடியது, செத்தவீட்டில் உட்கார்ந்துகொண்டு தன் பேர் கெடுமா என்று பார்த்த மனசு இது. அதே மனசுதான் இன்றைக்குக் குழாயடியில் கையை நீட்டியது. புதிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

இப்போதுகூட எழுந்து போய் அந்தப் பெண்ணின் காதில் சொல்லிவிடலாம். எட்டித் தொடுகிற தூரம்தான். என்னம்மா சொல்வது. நான் காட்டினது தப்பு என்றால், அப்படியானால் எது சரி என்பாள். எனக்குத் தெரியாது என்றால், நீங்கள் சார்கூடப் போனதில்லையா என்பாள். போனதில்லை என்றால் அந்த முகம் மாறும், அந்த மரியாதை வடியும். அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயதில், பேத்தி எடுக்கிற வயதில், மகளைவிடச் சின்னப் பெண்ணுடைய முகம் மாறுமே என்று பயம். அவளோ கைபேசியை எடுத்து எதையோ பார்த்தாள், பஸ் நேரமாக இருக்கும். வரும் வாரம் விடுமுறை விட்டதும் மேற்குப் பாதிக்கும் வெடி வைக்கப்போகிறார்கள். ஜன்னல் கதையை மட்டுமாவது சொல்லலாமா. ஜன்னல் பாறையில் பாதிக்கு மேற்பட்ட இடத்திலிருந்து தெரியும், கிழக்கிலிருந்தும் தெரியும் மேற்கிலிருந்தும் தெரியும், அது ஒன்றுக்கும் உதவாது. அந்த 'ஆனால்' வேண்டும். ஆனாலுக்குப் பின்னால் இருந்தது வேண்டும். சுடலைமணி இறங்கி, இயற்பியல் ராபின்சன் ஏறினார். கண்ணாடித் துண்டின்மேல் உலோகப் படலம், அவருக்குப் பிடித்த படலம், இருபது வருஷமாக அதையே தேய்க்கிறார். குரல் கூடத்தை நிறைத்தது. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்த குரல் அதுதான்.

கல்லூரி சேப்பலின் மணிக்கூண்டில் மணி அடித்தது. பிற்பகல் ஜெப மணி, எப்போதும் நீளமாகத்தான் அடிப்பார்கள். ராபின்சன் பேச்சை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் கண்ணை மூடி நின்றார். கூடத்தில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும். மணி அடிக்கும்போது வாய் மூடி நிற்கிற ராபின்சனைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்கு வேறொரு ராபின்சன் ஞாபகம் வந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, "கர்த்தர் பாக்காத எடமாப் பாத்துல்லா நின்னிருக்கீரு ஓய்" என்று சொல்கிறவர். யாரிடம் சொன்னார். ஏன் கர்த்தர். குளியலறை ஜன்னலுக்கும் கர்த்தருக்கும் என்ன. நயினார் சார் அங்கே நின்றார். ஆமாம், சிரிப்பு நடுவில் அவர் உள்ளே வந்துவிட்டார், பேன்ட் முழங்கால்வரைக்கும் ஈரம். தன் தாள் அவள் கையில் இருப்பதைப் பார்த்தார். என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று புரிந்ததும் அவரும் சிரித்தார். பாதியில் நின்ற எதையும் முடிக்காமல் விடமுடியாத மனுஷன், அந்தச் சிரிப்புக்குள்ளேயே வாக்கியத்தை முடித்துவைத்தார். "ஜன்னலு மட்டும் தெரிஞ்சா காணாதுல்லா, அது நெறைய எடத்துலேருந்து தெரியும். ஜன்னலு தெரியணும், மணிக்கூண்டு மறையணும். அப்பத்தான் நம்ம குழி." அதற்குத்தான் ராபின்சன் கர்த்தரை இழுத்தார். அதற்குத்தான் இரண்டாவது தடவை சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. மணி ஓய்ந்தது. ராபின்சன் கண்ணைத் திறந்து படலத்துக்குத் திரும்பினார். ஜெசிந்தா முந்தானைக்கு அடியில் கையை இறுக்கிக்கொண்டாள். தினமும் காலையில் ஜெபம் முடித்து மணிக்கூண்டுக்குக் கீழேதான் செருப்பு மாட்டுகிறாள். அங்கே நின்றால் உடைத்த பாதி முழுக்கத் தெரியும், ஒவ்வொரு வெடிப்பும் தெரியும். மேற்குப் பாதி தெரியாது, நடுவில் பாறை திமில்போல எழும்பி மறைக்கும். அங்கிருந்து பார்த்தால் தெரிகிற இடத்திலிருந்து மணிக்கூண்டும் தெரியும். மணிக்கூண்டு மறையவேண்டுமென்றால் குழி மேற்கே இருக்கிறது. குழி இருக்கிறது. கை காட்டினதற்கு நேர் எதிரே இருக்கிறது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம். அப்புறம், இனிமேல் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கமுடியாது என்பது உறைத்தது.

அவள் பேரைச் சொல்கிறார்கள். ஞானசிகாமணி மைக்கில் இருக்கிறார், வீச்சு என்கிறார், இறால் முதல் இயற்பியல் வரை என்கிறார், மறைந்த பேராசிரியர் ஆறுமுகநயினாரோடு இணைந்து அரும்பாடுபட்டு என்கிறார். அரும்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது, ஆனால் கால் நடந்துவிட்டது, படி ஏறிவிட்டது. பொன்னாடை தோளில் விழுந்தது. புழுக்கத்தில் அது கழுத்தை அறுத்தது. புகைப்படக்காரன் இந்தப் பக்கம் பாருங்க மேடம் என்றான், பார்த்தாள். கீழே மதுவந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இது முடிந்ததும் கிளம்பலாம் என்று நாற்காலி நுனியில் இருந்தாள். மரியாதைக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். மைக் ஜெசிந்தாவின் கைக்கு வந்தது. நன்றியுரை தயாரித்திருந்தாள், நல்ல ஆங்கிலத்தில். அந்தத் தாளைப் பிரிக்கவில்லை.

"ஜன்னலு தெரியணும்" என்றாள். "மணிக்கூண்டு மறையணும்."

கூடம் ஒரு கணம் விழித்தது. பிறகு ராபின்சன் ஆரம்பித்துவைத்தார், பழைய ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள், பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள், என்னவென்று தெரியாத சின்னவர்களும் பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள். ஜெசிந்தா மேடம் நயினாரை நினைத்து ஒரு வேடிக்கை சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்க நியாயம் உண்டு, அந்த வேடிக்கையைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருக்கவில்லை. "நயினார் சாரோட குழிக்கு அதான் அடையாளம்மா. கட்டுரையில எழுதியிருந்தாங்க. நான்தான் அடிச்சேன். மத்தியானம் நான் கையக் காட்டினது தப்பு. குழி மேக்கால இருக்கு." முகம் எரிந்தது, காதுமடல்வரை எரிந்தது. மதுவந்தி மட்டும் சிரிக்கவில்லை, காலையிலிருந்து ஒரு தடவையும் சிரிக்காத பெண்தான். எழுந்து நின்றாள்.

"எந்த ஜன்னல் மேடம்?"

சிரிப்பு அப்போதுதான் அடங்கியது. ஜெசிந்தாவுக்கு அந்தப் பங்களாவில் எது குளியலறை என்று தெரியாது. கூடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர்தான் அந்தப் பங்களாவில் குடியிருக்கிறார். ஞானசிகாமணி பேனரைப் பார்த்தார், உடைத்த பாறைக்கு மேல் எழும்பப்போகிற கட்டடத்தின் படம் அதில் ஓரமாக இருந்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கடைசியில், யாரையும் பார்க்காமல், "பின்பக்கம், மாடியில, மூணாவது" என்றார். "பச்சைக் கண்ணாடி."

மதுவந்தி மேடைக்கு அருகே வந்துவிட்டாள். முகம் மாறியிருந்தது, ஜெசிந்தா பயந்த மாதிரியேதான். சக ஆராய்ச்சியாளரைப் பார்க்கிற பார்வை அதில் இல்லை. அவசரம் இருந்தது. "வாங்க மேடம், இப்பவே போவோம். வெளிச்சம் இருக்கு. நீங்க ஜன்னலைப் பாருங்க, நான் மணிக்கூண்டைப் பாத்துக்கறேன். நீங்க போற வழியாவே கூட்டிட்டுப் போங்க."

ஜெசிந்தா குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "நான் ஒருநாளும் அங்க ஏறினதில்லம்மா."

மைக் கையிலேயே இருந்தது. கூடம் முழுக்க அது கேட்டது, கடைசி வரிசைவரைக்கும், தாழ்வாரத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்வரைக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. இதைவிட ஒருநாளும் அவள் மெதுவாகப் பேசியதில்லை, இதைவிடச் சத்தமாகவும் எதுவும் கேட்டதில்லை. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்றானபின்னும் வெட்கம் விலகவில்லை, பொன்னாடை மாதிரி மேலேயே கிடந்தது. அதோடேயே நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தாள்.

"யாருக்காவது வழி தெரியுமா?" என்று கேட்டாள். "பாறைக்கு எந்தப் பக்கமா ஏறணும்?"

சுடலைமணி ராபின்சனைப் பார்த்தார். ராபின்சன் தன் தாள்களை அடுக்கினார். கொசுப்புழுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். கல்லூரியின் ஆராய்ச்சி முழுவதும் அந்த வரிசைகளில்தான் உட்கார்ந்திருந்தது, ஒரு கையும் உயரவில்லை.

"பரவால்ல மேடம்" என்றாள் மதுவந்தி. "ஏறிப் பாப்போம்."